சொற்செயலி மேம்படுத்தமும் பழைய கோப்புகளின் ஒத்தியைவும்: தமிழ் ஆய்வுக் கோப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொற்செயலி மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, பழைய கோப்புகள் புதிய மென்பொருளில் திறக்கின்றனவா என்பதே வழக்கமாக எழுப்பப்படும் வினா. தமிழ்க் கோப்புகளுக்கு இந்த ஒரு வினா போதாது. கோப்பின் வடிவம் என்பது ஓர் அடுக்கு. அக்கோப்பினுள் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் குறியாக்கம் என்பது மற்றோர் அடுக்கு. மென்பொருள் மேம்படுத்தம் முதல் அடுக்கை மட்டுமே புதுப்பிக்கிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. மைக்ரோசாப்ட் வேர்டின் கோப்பு வடிவ மாற்றங்களைச் சான்றாகக் கொண்டு, இவ்விரண்டு அடுக்குகளையும் எந்த வரிசையில் மாற்ற வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் எவை இழக்கப்படுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சொற்செயலி, கோப்பு வடிவம், ஒத்தியைவு, எழுத்துரு, குறியாக்கம், ஒருங்குறி, ஆய்வேடு.

முன்னுரை

1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் தமிழ் ஆய்வேடுகள், நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகள், சொல்லடைவுகள், சுவடிப் பதிப்புகள் முதலியன பெரும்பாலும் வேர்டு அல்லது பேஜ்மேக்கர் கோப்புகளாகவே உருவாயின. அவற்றுட் பல இன்றும் குறுந்தகடுகளிலும் பழைய கணினிகளின் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. துறையில் புதிய கணினி வாங்கப்படுகிறது; புதிய வேர்டு நிறுவப்படுகிறது; பழைய கோப்பு ஒன்று திறக்கப்படுகிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. ஆனால் திரையில் ‘தமிழ்’ என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. மென்பொருளின் நோக்கில் கோப்பு நலமாக இருக்கிறது. படிப்பவரின் நோக்கில் அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

இந்த முரண் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அறிய, ஒத்தியைவு என்னும் சொல் மென்பொருள் வழக்கில் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும்.

ஒத்தியைவின் இரு திசைகள்

புதிய மென்பொருள் பழைய கோப்பைப் படிப்பது ஒரு திசை. பழைய மென்பொருள் புதிய கோப்பைப் படிப்பது எதிர்த்திசை. முன்னது எளிது, பழைய வடிவத்தின் இலக்கணம் புதிய மென்பொருளை எழுதுவோருக்கு முன்பே தெரியும். பின்னது கடினம், 2003இல் வெளிவந்த மென்பொருள் 2007இல் அமைக்கப்பட்ட வடிவத்தை அறிந்திருக்க இயலாது. ஆகவே எதிர்த்திசை ஒத்தியைவு எப்போதும் இரண்டு வழிகளில் ஒன்றாலேயே கிட்டுகிறது: பழைய மென்பொருளுக்கு ஒரு மாற்றியைப் பின்னர் இணைத்தல், அல்லது புதிய மென்பொருளில் எழுதியதைப் பழைய வடிவத்துக்கு இறக்கிச் சேமித்தல். இறக்கிச் சேமிக்கும்போது, பழைய வடிவத்தில் இடமில்லாத கூறுகள் எளிமையாக்கப்படும் அல்லது நீங்கும்.

நடைமுறையில் ஒரு துறையின் எல்லாக் கணினிகளும் ஒரே நாளில் மேம்படுத்தப்படுவதில்லை. ஆய்வாளரிடம் புதிய பதிப்பும், நெறியாளரிடம் பழைய பதிப்பும், அச்சகத்தில் அதனினும் பழைய மென்பொருளும் இருப்பது வியப்பன்று. எனவே இரண்டு திசைகளும் ஒரே சமயத்தில் தேவைப்படுகின்றன.

வேர்டு கோப்பு வடிவங்கள்

டாக் என்னும் பின்னொட்டு ஒன்றாகவே இருந்தபோதிலும் அதன் உள்ளமைப்பு பலமுறை மாறியுள்ளது. வேர்டு 6.0, வேர்டு 95 ஆகியவற்றின் கோப்புகளை வேர்டு 97 படித்தது. வேர்டு 97இன் கோப்புகளை அவை படிக்கவில்லை. வேர்டு 97இன் முதல் வெளியீட்டில் ‘வேர்டு 6.0/95’ வடிவில் சேமிக்கும் வசதி இருந்தது. ஆயினும் அது உண்மையில் ஆர்.டி.எஃப். என்னும் வேறொரு வடிவில் எழுதி, டாக் என்னும் பின்னொட்டை மட்டும் இட்டது. உண்மையான மாற்றி பின்னர்தான் வெளியிடப்பட்டது. பின்னொட்டைக் கொண்டு கோப்பின் வடிவத்தை முடிவு செய்யலாகாது என்பதற்கு இஃது ஒரு பழைய சான்று.

வேர்டு 97, 2000, 2002, 2003 ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொண்டன. தமிழகத் தட்டச்சு மையங்களில் மிக நீண்ட காலம் வழங்கியது இவ்வடிவமே. இவ்வகைக் கோப்பின் முதல் நான்கு எண்ணுருக்களைப் பதினாறடிமான முறையில் எழுதினால் ‘டாக்ஃபைல்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் எழுத்துகளும் எண்களும் வரும். வடிவமைத்தவர்களின் சிறு குறும்பு. பழைய குறுந்தகட்டில் பின்னொட்டு அழிந்த கோப்பை இனங்காண இக்குறும்பு இன்றும் பயன்படுகிறது.

2007 சனவரியில் பொது விற்பனைக்கு வந்த ஆஃபீஸ் 2007, டாக்எக்ஸ் என்னும் புதிய வடிவத்தை இயல்பு வடிவமாக்கியது. இது 2006 திசம்பரில் எக்மா 376 என்னும் தரமாகவும், 2008இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 29500 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. டாக்எக்ஸ் கோப்பு ஒரு ஜிப் பொதி, அதனுள் எக்ஸ்.எம்.எல். மொழியில் எழுதப்பட்ட உரைக்கோப்புகள் பல உள்ளன. உரை, பாணிகள், அடிக்குறிப்புகள், அமைப்புகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்கோப்பு உண்டு. வேர்டு இல்லாமலே இப்பொதியை விரித்து உள்ளிருப்பதைப் படிக்கலாம். தமிழ்க் கோப்புகளுக்கு இப்பண்பு பெரிதும் உதவுவதைக் கீழே காணலாம்.

வேர்டு 2000, 2002, 2003 ஆகியவற்றில் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்க மைக்ரோசாப்ட் ஓர் ஒத்தியைவுப் பொதியை இலவசமாக வழங்கியது. 2018இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆஃபீஸ் 2003க்கான ஆதரவு அதற்கு முன்னரே, 2014 ஏப்ரல் 8இல் முடிந்திருந்தது. பழைய கணினியைக் கைவிடாமல் புதிய கோப்பைப் படிக்கும் வழி இவ்வாறு தானாகவே அடைபட்டது.

முதல் திசையும் முற்றிலும் உறுதியானதன்று. வேர்டு 2003க்கான மூன்றாம் சேவைத் தொகுப்பு 2007இல் வெளிவந்தபோது, மிகப் பழைய சில வடிவங்களைத் திறப்பதைப் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே தடுத்தது. நேற்றுவரை திறந்த கோப்பு, இற்றைப்படுத்திய பின் திறக்கவில்லை. எதிர்ப்பு எழவே, தடையை நீக்கும் எளிய வழி வெளியிடப்பட்டது. தீங்கு அவ்வடிவங்களில் இல்லை, அவற்றைப் படிக்கும் நிரற்பகுதியிலேயே உள்ளது என்னும் விளக்கமும் தரப்பட்டது. இதே காரணத்தால் 2018 சனவரியில் பழைய சமன்பாட்டுத் திருத்தி வேர்டிலிருந்து நீக்கப்பட்டது. அதில் எழுதிய சமன்பாடுகள் இன்றும் தெரிகின்றன. அவற்றை அதே கருவியால் திருத்த இயலாது.

ஒத்தியைவுப் பாங்கும் அதன் விலையும்

புதிய வேர்டில் டாக் கோப்பைத் திறந்தால், தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயரை அடுத்து ‘ஒத்தியைவுப் பாங்கு’ என்று பொருள்படும் குறிப்பு தோன்றும். பழைய பதிப்பு எவ்வாறு வரிகளை உடைத்ததோ, அட்டவணைகளை அமைத்ததோ, அவ்வாறே செய்ய முயல்வதாக மென்பொருள் தரும் அறிவிப்பு அது. டாக்எக்ஸ் கோப்புகளுக்குள்ளும் இப்பாங்கு உண்டு. அமைப்புக் கோப்பில் ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும்: வேர்டு 2007க்கு 12, 2010க்கு 14, 2013க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் 15. (13 விடுபட்டது எழுத்துப்பிழையன்று, ஆஃபீஸ் பதிப்பெண்ணே 12இலிருந்து 14க்குத் தாவியது.) ‘மாற்று’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் இந்த எண் உயர்ந்து, பழைய அமைப்பு விதிகள் கைவிடப்படும். பக்க அமைப்பு மாறக்கூடும் என்னும் எச்சரிக்கை அக்கட்டளையோடு வருவது இதனால்தான்.

இறக்கிச் சேமிக்கும்போது நேரும் இழப்புகளை ஒத்தியைவுச் சரிபார்ப்பி என்னும் கருவி பட்டியலிட்டுக் காட்டுகிறது. ஆய்வேட்டுக்கு முதன்மையானவை மூன்று. வேர்டின் துணைநூற்பட்டியல் வசதியால் உருவாக்கிய மேற்கோள் குறிப்புகள் வெற்று உரையாகிவிடும். நூல் ஒன்றைச் சேர்த்தால் பட்டியல் தானாக மாறாது. புதிய முறையில் எழுதிய சமன்பாடுகள் படங்களாகும். திருத்தத் தடங்களில் ‘இடமாற்றம்’ என்று பதிவானவை ‘நீக்கம்’, ‘சேர்ப்பு’ என இரண்டாகப் பிரியும். மூன்றாவது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பத்தியை இயல் இரண்டிலிருந்து மூன்றுக்கு நகர்த்திய ஆய்வாளரின் கோப்பைப் பழைய பதிப்பில் பார்க்கும் நெறியாளருக்கு, ஒரு பத்தி அழிக்கப்பட்டதாகவும் வேறொன்று புதிதாக எழுதப்பட்டதாகவும் தெரியும்.

வெற்று உரையான மேற்கோள் குறிப்பு மீண்டும் டாக்எக்ஸாகச் சேமித்தாலும் உயிர்பெறாது. எனவே பழைய பதிப்பு உடையவருக்கு அனுப்புவது எப்போதும் நகலாகவே இருத்தல் வேண்டும். மூலக்கோப்பு புதிய வடிவில் ஓரிடத்தில் நிற்க, திரும்பி வரும் கருத்துரைகளை அதில் கையால் ஏற்றுவதே பாதுகாப்பான வழி. இது சலிப்பூட்டும் வேலைதான். திரும்பி வந்த நகலையே மூலமாகக் கொண்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் ஒன்று குறையும்.

கோப்பினுள் தமிழ்

இதுவரை கூறியவை எம்மொழிக் கோப்புக்கும் பொருந்தும். தமிழுக்கே உரிய சிக்கல் இனித்தான் தொடங்குகிறது.

ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆயினும் விண்டோஸ் இயங்குதளம் தமிழ் எழுத்துகளை முறையாகக் கோத்துக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000 முதல்தான். அதன்பின் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யிலும் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதுவரையிலும், அதன் பின்னர்ப் பல்லாண்டுகளும், தமிழ் தட்டச்சு எழுத்துருக்களையே நம்பியிருந்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைப்பது இம்முறையின் அடிப்படை. பாமினி எழுத்துருவில் ஜே என்னும் சிற்றெழுத்தின் இடத்தில் ‘த’வும், கே என்பதன் இடத்தில் ‘ம’வும், பி என்பதன் இடத்தில் இகரக் குறியும், ஓ என்பதன் இடத்தில் ‘ழ’வும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும் அமைந்தன. கோப்பில் சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு நிறுவிய கணினியில் அவை தமிழாகத் தெரியும். நிறுவாத கணினியில் முன்னுரையில் கண்டவாறு தெரியும்.

வேர்டு 97 உரையை ஒருங்குறியில் சேமிக்கத் தொடங்கிய பதிப்பு. ஆகவே பாமினியில் தட்டச்சிட்ட டாக் கோப்பும் ஒருங்குறிக் கோப்புத்தான். அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் ஒருங்குறி எண்கள். அதை டாக்எக்ஸாக மாற்றினாலும் அதே ஆங்கில எழுத்துகள் புதிய பொதிக்குள் செல்லும். ‘புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டோம், இனி ஒருங்குறியாகிவிடும்’ என்று துறைகளில் நிலவும் நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

குறியாக்கங்கள் ஒன்றல்ல. டிஸ்கி என்னும் தகுதரம் ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டு, 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு, தமிழுக்கு மட்டுமான டாம், தமிழும் ஆங்கிலமும் கலந்த டாப் ஆகிய இரு குறியாக்கங்களை அறிவித்தது. வானவில், ஸ்ரீலிபி முதலியவை தத்தம் முறைகளைக் கொண்டிருந்தன. 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாகவும், டேஸ் 16 என்பதை மாற்றாகவும் ஏற்று ஆணையிட்டது. ஆணைக்கு முந்தைய கோப்புகள் அப்படியே இருந்தன.

ஒவ்வொரு முறையும் மென்பொருளோடு மோதிய இடங்கள் உண்டு. டிஸ்கியில் ‘இ’ 173ஆம் இடத்தில் அமைந்தது. மேலை நாட்டு எழுத்துக் குறியாக்கத்தில் 173 என்பது வரியின் முடிவில் மட்டும் தோன்ற வேண்டிய மென்சிறுகோடு. அவ்விதியைப் பின்பற்றிய மென்பொருள்களில் ‘இ’ வரியின் நடுவே காணாமல் போயிற்று. ‘இலக்கியம்’ ‘லக்கியம்’ ஆகத் தெரிந்தால் படிப்பவர் உணர்ந்துகொள்வர். ‘இசை’ ‘சை’ ஆனால்?

பாமினியில் மோதல் வேறு வகையானது. அதில் ஜே சிற்றெழுத்தாக இருந்தால் ‘த’, பேரெழுத்தானால் ‘து’. ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும் தன்னியக்கத் திருத்தம் வேர்டில் இயல்பாகவே செயற்படும். முற்றுப்புள்ளிக்குப் பின் ‘தமிழ்’ என்று தட்டச்சிட்டால் ‘துமிழ்’ ஆகிவிடும். தட்டச்சு மையங்கள் இத்திருத்தத்தை நிறுத்தியே வேலை செய்தன. புதிய கணினியில் புதிய பதிப்பை நிறுவும்போது அது மீண்டும் செயலுக்கு வருகிறது. பழைய கோப்பைத் திறப்பதால் மட்டும் கேடு இல்லை. அதில் இரண்டு வாக்கியங்களைப் புதிதாகச் சேர்க்கும்போதுதான் பிழை நுழைகிறது. எனவே பழைய எழுத்துருக் கோப்பில் கை வைக்குமுன் தன்னியக்கத் திருத்தங்கள் அனைத்தையும், வளைந்த மேற்கோள்குறி மாற்றம் உட்பட, நிறுத்தல் வேண்டும்.

மாற்றியின் வழி நேரும் பிழைகள்

பழைய குறியாக்கத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் முதலிய கருவிகள் உள்ளன. இவை வேகமானவை, பயனுள்ளவை. ஆயினும் எழுத்துருக் குறியாக்கம் எழுத்தின் உருவத்தைப் பதிவு செய்தது. ஒருங்குறி எழுத்தையே பதிவு செய்கிறது. ஒரே உருவம் இரண்டு எழுத்துகளுக்குப் பொதுவாகும் இடத்தில் மாற்றி ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஒற்றைக்கொம்பும் ளகரமும் இதற்குத் தெளிவான சான்று. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லை. கொம்பு, மெய், ளகரம் என்று மூன்றாகத் தட்டச்சிட்டனர். ‘கௌரவம்’ என்பதன் முதலெழுத்தும் ‘வெளி’ என்பதன் முதல் இரண்டு எழுத்துகளும் ஒரே வகை விசைவரிசையில் தொடங்குகின்றன. கொம்பு, மெய், ளகரம் மூன்றையும் கண்டவுடன் ஔகாரமாக்கும் மாற்றி ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ ஆக்கும். ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகும். எதையும் இணைக்காத மாற்றி ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ ஆக்கும். திரையில் வேறுபாடு அரிதாகவே கண்ணில் படும். தேடலில் முழுமையாக வெளிப்படும். ‘வெளியீடு’ என்று தேடுபவருக்கு ‘வௌியீடு’ ஒருபோதும் கிடைக்காது. ஒரு நூலகப் பட்டியல் முழுவதும் இவ்வாறு மாறியிருந்தால், அப்பட்டியலில் அச்சொல் இடம்பெறும் பதிவுகள் எல்லாம் இல்லாதவை போலாகும்.

இதற்கான விதி எளியது. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகர எழுத்து. வேறு மெய் வந்தால் பெரும்பாலும் ஔகாரக் குறியின் பகுதி. இவ்விதியைக் கொண்டு தேடிப் பதிலிட்டால் இவ்வகைப் பிழைகளில் மிகுதியானவை நீங்கும். எஞ்சியவற்றை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

மற்றொரு பிழை தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வந்தது. பழைய அச்சிலும் பல எழுத்துருக்களிலும் ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றின் அடியில் சாய்கோடு இராது. அவை கால் குறியின் மேல் புள்ளியோ இகரமோ இட்டது போலவே தோன்றும். தட்டச்சர்கள் பலர் ரகர விசைக்கு மாற்றாகக் கால் குறியின் விசையையே அழுத்தினர். தாளில் வேறுபாடில்லை. ஒருங்குறிக்கு மாற்றும்போது கால் குறியின் மேல் புள்ளி என்று எழுத்தே ஆகாத ஒன்று பிறக்கிறது. நல்ல மாற்றிகள் இதை எதிர்பார்த்து ‘ர்’ ஆக்குகின்றன; எல்லா மாற்றிகளும் அல்ல. மாற்றிய கோப்பில் உயிர்க்குறியை அடுத்துப் புள்ளி வரும் இடங்களைத் தேடினால் இவை அகப்படும். தமிழில் அவ்வரிசைக்கு இடமே இல்லை.

சில எழுத்துருக்கள் குறியீட்டு எழுத்துருக்களாக வடிவமைக்கப்பட்டவை. வேர்டு அவற்றின் எழுத்துகளை ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் சேமிக்கிறது. ஆங்கில எழுத்துகளை எதிர்பார்க்கும் மாற்றி அவற்றை அடையாளம் காணாமல் அப்படியே விட்டுவிடும்.

வரிசைமுறை

ஆய்வேட்டில் தமிழோடு ஆங்கிலமும் கலந்திருக்கும். துணைநூற்பட்டியலில் ஆங்கில நூற்பெயர்கள், அடிக்குறிப்பில் கலைச்சொற்கள், அட்டவணையில் சுருக்கங்கள் வரும். கோப்பின் உரையை மட்டும் நகலெடுத்து மாற்றியில் இட்டால், ஆங்கிலப் பகுதிகளும் பாமினியாகக் கருதப்பட்டுப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகும். எது ஆங்கிலம், எது ஆங்கில எழுத்தில் ஒளிந்திருக்கும் தமிழ் என்பதை உரை சொல்லாது. எழுத்துருவின் பெயர் மட்டுமே சொல்லும்.

டாக்எக்ஸ் வடிவின் பயன் இங்குத்தான் தெரிகிறது. அதன் எக்ஸ்.எம்.எல். உரையில் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எழுத்துருப் பெயர் நேரடியாகவோ பாணியின் வழியாகவோ குறிக்கப்பட்டிருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றி, டைம்ஸ் நியூ ரோமன் என்று குறித்தவற்றை விட்டுவிடலாம். ஆகவே முதலில் கோப்பு வடிவத்தை மாற்றி, அதன் பின்னரே குறியாக்கத்தை மாற்றுவது முறை. தலைகீழாகச் செய்தால் எழுத்துருத் தகவல் இழக்கப்படுகிறது.

கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருப்பின் ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ், கட்டளை வரியின் வழி ஒரு கோப்புறை முழுவதையும் டாக்எக்ஸாகவோ ஓ.டி.எஃப். வடிவாகவோ மாற்றும்; புதிய வேர்டு இயல்பாகத் தடுக்கும் வேர்டு 6.0, 95 கோப்புகளையும் அது திறக்கிறது. ஓ.டி.எஃப். 2006இல் ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்கப்பட்ட திறந்த வடிவம். நீண்டகாலச் சேமிப்புக்கு ஏற்றது. நெறியாளர் வேர்டு பயன்படுத்துபவராயின் அன்றாடப் பரிமாற்றத்துக்கு டாக்எக்ஸே வசதி.

குறியாக்க மாற்றத்துக்குப்பின் எழுத்தளவும் தடிப்பும் மாறிவிட்டதாகத் தோன்றுவதுண்டு. சொற்செயலிகள் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்னும் தனி வகையில் வைத்து, அதற்கு எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவற்றை வேறாகக் குறிக்கின்றன. பழைய உரை மேலை எழுத்தாகக் கருதப்பட்டதால் அதன் தடிப்பு அவ்வகைக்கு மட்டுமே பதிவானது. தலைப்புகள் மெலிந்து தெரிவதன் காரணம் இதுவே. பாணிகளைத் திருத்தினால் ஒரே முறையில் சரியாகும். ஒவ்வொரு தலைப்பாகத் தடிமனாக்கத் தேவையில்லை. பாணிகளே பயன்படுத்தாமல் தட்டச்சிட்ட ஆய்வேடுகளுக்கு இந்த வசதி இல்லை. அவையே மிகுதி.

பக்க எண்ணின் நிலையாமை

ஒருங்குறியிலேயே எழுதப்பட்ட பிற்காலக் கோப்புகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2000களில் தமிழ் ஒருங்குறிக் கோப்புகளின் இயல்பு எழுத்துரு லதா. விண்டோஸ் 8இல் நிர்மலா அறிமுகமானது. விண்டோஸ் 10இல் லதா, விஜயா ஆகியவை தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்னும் விருப்பத் தொகுப்புக்கு மாற்றப்பட்டன. அத்தொகுப்பை நிறுவாத கணினியில் லதாவில் எழுதிய ஆய்வேடு வேறோர் எழுத்துருவில் காட்டப்படும். எழுத்தின் அகலமும் வரி உயரமும் வேறுபடுவதால் பக்கங்கள் நகரும். மேற்கோள் காட்டுவோர் பக்க எண்ணைக் கொண்டே சுட்டுவர் என்பதால் இந்த நகர்வு அற்பமானதன்று. துணை எழுத்துருத் தொகுப்பை நிறுவுவது எளிய தீர்வு. உரிமம் இடங்கொடுக்கும் எழுத்துருவாயின், கோப்பிலேயே அதைப் பொதிந்து சேமிக்கலாம்.

பி.டி.எஃப். வடிவம் பக்க அமைப்பைக் காப்பாற்றும். உரையைக் காப்பாற்றுமென்று சொல்ல இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கின. இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா அவற்றைத் திரட்டுகிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டுப் பி.டி.எஃப். ஆக்கிய ஆய்வேடு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளே வரும். ‘தமிழ்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மூல வேர்டு கோப்பு எஞ்சியிருக்கும்வரை இதைச் சீர்செய்யலாம்.

அச்சகக் கோப்பு

நூலாக வெளிவந்தவற்றுக்கு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. மூலக்கோப்பு எது?

தமிழ்ப் பதிப்பகங்கள் நெடுங்காலம் பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தன. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்த ஆண்டு 2001. ஒருங்குறித் தமிழை அது அறியாது. ஆகவே ஆசிரியர் ஒருங்குறியில் கொடுத்தாலும் அச்சகம் அதை மீண்டும் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே பயன்படுத்தியது. மெய்ப்புத் திருத்தங்கள் அனைத்தும், ஆசிரியர் கடைசி நேரத்தில் சேர்த்த அடிக்குறிப்பு உட்பட, பேஜ்மேக்கர் கோப்பிலேயே செய்யப்பட்டன. ஆசிரியரின் வேர்டு கோப்பில் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய பாடம். அதை எத்துணைக் கவனமாக டாக்எக்ஸாகவும் ஒருங்குறியாகவும் மாற்றினாலும், பிழை மலிந்த பாடமே புதிய வடிவில் நிலைபெறும். சுவடிப் பதிப்புகளிலும் சொல்லடைவுகளிலும் இவ்வேறுபாடு பாடவேறுபாடாகவே முடியக்கூடும்.

பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளை இன்டிசைன் சி.எஸ். 6 வரையிலான பதிப்புகள் திறக்கும், பின்வந்தவை திறப்பதில்லை. எனவே அக்கோப்புகளை மீட்க, பயன்படுத்திய எழுத்துருக்களும் பழைய இன்டிசைன் உள்ள ஒரு கணினியும் வேண்டும். அங்கிருந்து உரையை ஆர்.டி.எஃப். வடிவில் வெளியேற்றினால், எழுத்துருப் பெயர்கள் அழியாமல் வேர்டுக்கு வந்துசேரும். மேற்கூறிய வரிசையில் ஒருங்குறிக்கு மாற்றலாம். பேஜ்மேக்கர் கோப்பு அழிந்துவிட்ட நூல்களுக்கு, மாற்றிய வேர்டு கோப்பை அச்சுப்படியோடு வரிவரியாக ஒப்புநோக்குவது ஒன்றே எஞ்சிய வழி. அவ்வாறு ஒப்புநோக்கிய கோப்பில், எந்த எழுத்துருவிலிருந்து, எந்த மாற்றியால், எந்த நாளில் மாற்றப்பட்டது, எந்தப் பதிப்போடு ஒப்பிடப்பட்டது ஆகிய நான்கு விவரங்களையும் முதற்பக்கத்திலேயே குறித்து வைத்தால், ‘வௌியீடு’ போன்ற ஒரு வடிவத்தைப் பின்னாளில் காண்பவர் அது ஆசிரியரின் எழுத்தா, மாற்றியின் எழுத்தா என்று தீர்மானிக்க இயலும்.